டான்யூப் நதியில் சொகுசுக் கப்பல்... நம்ம சங்கராபரணியில் என்ன இருக்கு? செஞ்சி முதல் அரிக்கமேடு வரை ஒரு நதிக்கரைப் பயணம்

ஐரோப்பாவில் நதிக் கப்பலில் ஏறி, பழங்கால ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவது பலருக்கும் கனவுப் பயணம். காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு கோட்டை, மாலையில் இன்னொரு ஊரின் தேவாலய மணியோசை. விளம்பர வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இல்லையே’ என்று ஏங்குபவர்களும் உண்டு.

உண்மையிலேயே இல்லையா? செஞ்சி மலைகளில் பிறந்து புதுச்சேரி அருகே கடலில் கலக்கும் சங்கராபரணி ஆற்றின் கரையோரத்தில் ஒரு உலகப் பாரம்பரியச் சின்னம், 2 கோடி ஆண்டு பழமையான கல்மரங்கள், சோழர் காலக் கோயில், ரோமானியர்களோடு வணிகம் செய்த துறைமுகம் எல்லாமே இருக்கிறது. கப்பல் மட்டும்தான் இல்லை.

ஐரோப்பிய நதிக் கப்பல் பயணம் எப்படி நடக்கிறது? சங்கராபரணிக் கரையில் என்னென்ன பார்க்கலாம்? இந்தச் சுற்றுலாவால் செஞ்சி மக்களுக்கு என்ன கிடைக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

நதிக் கப்பல் பயணம்னா என்ன?

கடலில் போகும் பெரிய சொகுசுக் கப்பல்களில் ஆயிரக்கணக்கானோர் பயணிப்பார்கள். நதிக் கப்பல் அப்படியல்ல. நீளமாக, தட்டையாக இருக்கும். பெரும்பாலும் 200 பேருக்குள்தான் பயணிகள். காரணம் எளிது: ஆற்றின் குறுக்கே உள்ள பாலங்கள் தாழ்வானவை, கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் குறுகலானவை. அதற்குள் நுழையும் அளவுக்குத்தான் கப்பலைக் கட்ட முடியும். சில இடங்களில் மேல்தளத்தின் கூரையையே மடித்து வைத்துவிட்டுப் பாலத்துக்கு அடியில் போவார்கள்.

இதில் ரொம்பப் பிரபலமானவை ரைன், டான்யூப் நதிகள். டான்யூப் சுமார் 2,850 கி.மீ. நீளம், 10 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என நான்கு தலைநகரங்கள் அதன் கரையில் இருக்கின்றன. 1992-ல் ரைன் - மைன் - டான்யூப் கால்வாய் முடிந்த பிறகு, வட கடலில் இருந்து கருங்கடல் வரை நீர்வழியிலேயே போகலாம் என்ற நிலை வந்தது. நதிக் கப்பல் சுற்றுலா பெரிதாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வழக்கமான பயணம் ஒரு வாரம். ஜெர்மனியின் பாசாவில் ஏறினால் புடாபெஸ்டில் இறங்கலாம். கப்பல் ஊருக்கு நடுவிலேயே நிற்கும். இறங்கி, வழிகாட்டியோடு இரண்டு மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு மறுபடி கப்பலுக்கு வந்துவிடலாம். ஒரே அறை, ஒரே பெட்டி. ஆனால் தினமும் ஒரு புது ஊர்.

இந்தியாவில் இது இல்லையா? இருக்கிறது. ‘கங்கா விலாஸ்’ என்ற சொகுசுக் கப்பல் 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் இருந்து புறப்பட்டது. வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை சுமார் 3,200 கி.மீ., 51 நாள் பயணம். 36 பேர் தங்கும் வசதி கொண்டது. ஆனால் கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் தண்ணீர் உண்டு. தமிழ்நாட்டு ஆறுகளின் கதை வேறு.

சங்கராபரணியில் கப்பல் விட முடியுமா?

முடியாது. இது மழையை நம்பி ஓடும் ஆறு. செஞ்சி ஆறு, வராக நதி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. செஞ்சி மலைப்பகுதியில் தொடங்கி சுமார் 80 கி.மீ. ஓடி, புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் பொங்கி ஓடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில், கரையோரப் பகுதிகள் வெள்ளத்தில் தத்தளித்தன. கோடையிலோ பல இடங்களில் மணலும் முட்புதரும்தான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டான்யூப், ரைன் நதிகளிலும் தண்ணீர் குறைந்தால் கப்பல் ஓடாது. 2018, 2022 வறட்சியின்போது பல பயணங்களில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றித்தான் அடுத்த ஊருக்கு அழைத்துப் போனார்கள். ஆறு வழிகாட்டும், சாலையில் போகலாம். அதே முறையில் சங்கராபரணியைப் பின்தொடர்ந்தால் என்னென்ன பார்க்கலாம்?

முதல் நிறுத்தம்: செஞ்சிக் கோட்டை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவரின் மொத்த நீளம் சுமார் 13 கி.மீ. இப்போதைய தேசிய நெடுஞ்சாலையே இந்தக் கோட்டைப் பரப்புக்குள் புகுந்துதான் போகிறது. பேருந்தில் போகும்போதே இரண்டு பக்கமும் மலைகள் தெரியும்.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் நடந்த உலகப் பாரம்பரியக் குழுவின் 47-வது கூட்டத்தில், ‘இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டன. 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சமிருக்கும் ஒன்று, செஞ்சி. இது இந்தியாவின் 44-வது உலகப் பாரம்பரியச் சின்னம். மாமல்லபுரம், சோழர் கோயில்கள், நீலகிரி மலை ரயில், மேற்குத் தொடர்ச்சி மலை ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் பட்டியலில் செஞ்சியும் சேர்ந்தது.

அப்போ, கோட்டையைக் கட்டினது மராத்தியரா?

அறிவிப்பு வந்ததும் தமிழ்நாட்டில் பலர் எழுப்பிய கேள்வி இது. பதில்: இல்லை. மராத்தியர் இங்கே இருந்தது இந்தக் கோட்டையின் நீண்ட வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம், அவ்வளவுதான்.

• கோன் வம்சம்: 12-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக்கோன் ராஜகிரியில் அரண் அமைத்ததாக வரலாறு சொல்கிறது. கிருஷ்ணகிரியைப் பலப்படுத்தியவர் அவர் வழிவந்த கிருஷ்ணக்கோன்.

• நாயக்கர்கள்: விஜயநகரப் பேரரசின் கீழ் ஆட்சிக்கு வந்த செஞ்சி நாயக்கர்கள் காலத்தில்தான் இன்று நாம் பார்க்கும் சுவர்கள், களஞ்சியங்கள், கோயில்கள் பலவும் எழுந்தன.

• பீஜப்பூர்: 17-ம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது.

• மராத்தியர்: 1677-ல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றி, பாதுகாப்பு அரண்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் முகலாயர்களிடம் இருந்து தப்பி இங்கே வந்தபோது, மராத்திய அரசின் தலைநகரமே செஞ்சியானது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

• தேசிங்கு ராஜா: ஔரங்கசீப் செஞ்சியைப் புந்தேலா தலைவர் சொரூப் சிங்கிடம் கொடுத்தார். அவர் மகன் தேஜ் சிங்தான் நம்ம ஊர் மக்கள் வாயில் ‘தேசிங்கு ராஜா’. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714-ல் போரில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 22 என்பார்கள். ஆட்சி செய்தது கொஞ்ச காலம்தான். ஆனால் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் முந்நூறு வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார். அவரோடு அவர் நண்பர் மோவுத்துக்காரன் என்கிற மகபத்கானும், பாராசாரிக் குதிரையும்.

• பிரெஞ்சு, ஆங்கிலேயர்: 1750-ல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. 1761-ல் புதுச்சேரி வீழ்ந்த பிறகு செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ‘கிழக்கின் ட்ராய்’ என்று இதைப் புகழ்ந்தவர்களும் அவர்கள்தான்.

இத்தனை பேர் மாறி மாறி ஆண்டதால்தான், ஒரே வளாகத்தில் வெங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கின்றன.

என்ன பார்க்கலாம்?

கீழ்க்கோட்டையில் கல்யாண மகால்தான் முதலில் கண்ணில் படும். நடுவில் குளம், சுற்றிலும் அறைகள், மேலே அடுக்கடுக்காகக் கோபுரம். மேல் தளங்களுக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், குதிரை லாயம், யானைக்குளம் எல்லாம் அருகிலேயே.

ராஜகிரி உச்சி சுமார் 240 மீட்டர் உயரம். வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆழமான பாறைப் பிளவு குறுக்கிடும். அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம் மட்டுமே. அந்தக் காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால், சில ஆட்களை வைத்தே ஒரு படையை நிறுத்திவிடலாம். எட்டு வருஷ முற்றுகையை இந்தக் கோட்டை எப்படித் தாங்கியது என்பது அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். மேலே ரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் இருக்கின்றன.

ஏறப் போறவங்க கவனிக்க:

• காலையிலேயே ஏறத் தொடங்குங்க. பிற்பகலுக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை.
• ஏற ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். தண்ணீர் கையில் இருக்கணும், மேலே கடை கிடையாது.
• குரங்குகள் அதிகம். சாப்பாட்டுப் பையை வெளியே தெரியுற மாதிரி வச்சுக்காதீங்க.
• நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும்.

ஊரைச் சுற்றியும் பார்க்க நிறைய இருக்கிறது. சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர், திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்கள், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூர் என ஒரு நாள் பத்தாது.

இரண்டாவது நிறுத்தம்: வீடூர் அணை

செஞ்சியைத் தாண்டி ஆறு தேங்கி நிற்கும் இடம் இது. 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட அணை. முழுக் கொள்ளளவு 32 அடி. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டு பகுதி விவசாயிகளும் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறார்கள். நல்ல மழைக்குப் பிறகு போனால் நிறைந்து நிற்கும் ஏரியைப் பார்க்கலாம்.

மூன்றாவது நிறுத்தம்: திருவக்கரை

ஆற்றங்கரையில் சந்திரமௌலீஸ்வரர் கோயில். இங்குள்ள வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமி தோறும் கூட்டம் வரும். கோயிலின் கருவறையைக் கல்லால் எழுப்பியவர் சோழ அரசி செம்பியன் மாதேவி.

பக்கத்திலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியக் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து கல்லாக மாறிய மரங்கள் இவை. பட்டை, வளையம் எல்லாம் மரத்தில் இருப்பது போலவே தெரியும், தட்டிப் பார்த்தால் கல். 1781-லேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனரா இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நான்காவது நிறுத்தம்: வில்லியனூர்

புதுச்சேரி எல்லைக்குள் வந்துவிட்டோம். திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் ஆளுநர் வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்தில் இருந்தே தொடரும் வழக்கம். அதே ஊரில் 1877-ல் தொடங்கப்பட்ட லூர்து மாதா திருத்தலமும் இருக்கிறது. ஆற்றை ஒட்டிய திருக்காஞ்சியில் நீராட அமாவாசை நாட்களில் கூட்டம் வரும்.

ஐந்தாவது நிறுத்தம்: அரிக்கமேடு

கடலை நெருங்கும் இடத்தில் ஆறு பிரிகிறது. அதில் ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையில் இருக்கும் மேடுதான் அரிக்கமேடு.

1945-ல் மார்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த மட்பாண்டங்களும், மத்திய தரைக்கடல் நாடுகளில் இருந்து மது கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகளும் கிடைத்தன. 1940-களின் இறுதியில் கசால், பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு என ஆய்வுகள் தொடர்ந்தன. இங்கே செய்த மணிகள் கடல் தாண்டிப் போயிருக்கின்றன. ஐரோப்பாவுக்கு நாம் கப்பல் பயணம் போக ஆசைப்படுகிறோம். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து சரக்கு இந்த ஆற்று முகத்துக்கு வந்திறங்கியிருக்கிறது.

ஒன்று சொல்லியாகணும்: அரிக்கமேட்டில் பெரிய கட்டடங்கள் எதிர்பார்க்காதீங்க. மாந்தோப்புக்கு நடுவே பிரெஞ்சுக் காலக் கட்டடத்தின் சில இடிபாடுகள்தான் நிற்கின்றன. கண்டெடுத்த பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சரி, இதனால செஞ்சிக்காரங்களுக்கு என்ன லாபம்?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில் தேட மறுபடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்.

டான்யூப் கரையில் வாச்சாவ் பள்ளத்தாக்கு 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே துர்ன்ஸ்டைன் என்று ஒரு குட்டி ஊர். மக்கள் தொகை ஆயிரத்தைத் தொடாது. மலை மேல் ஒரு பாழடைந்த கோட்டை. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-ல் சிறை வைத்த இடம் அது. செஞ்சியைப் போலவே மலை, கோட்டை, கதை எல்லாம் உண்டு. கப்பல்கள் வரிசையாக வந்து நிற்கும்.

ஆனால் கப்பலில் வருபவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே. ஊருக்குள் இரண்டு மணி நேரம் நடந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு பாட்டில் ஜாம் வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டம் ஊருக்கு, வருமானம் பெரும்பாலும் கப்பலுக்கு. இந்தச் சிக்கல் பல ஊர்களில் வெடித்திருக்கிறது. வெனிஸ் நகரம் ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 ஏப்ரலில் இருந்து குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. நதிக் கப்பல்களின் வருகையைப் பாதியாகக் குறைக்கப்போவதாக ஆம்ஸ்டர்டாம் 2024-ல் அறிவித்தது.

செஞ்சியில் கப்பல் இல்லையே தவிர, நிலைமை ஏறக்குறைய அதேதான். சென்னையில் இருந்தோ புதுச்சேரியில் இருந்தோ வேனில் வருகிறார்கள். கோட்டை ஏறி இறங்கியதும் திருவண்ணாமலைக்கோ மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். ராத்திரி தங்குவது வேறு ஊரில். செஞ்சிக்கு மிஞ்சுவது டீ, இளநீர், ஆட்டோ வாடகை. இந்த ஊரின் பொருளாதாரம் இன்னும் நெல்லை நம்பித்தான் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் முன் வரிசையில் நிற்கும் மூட்டை வண்டிகளே அதற்குச் சாட்சி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் இருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். கோட்டையைப் பாதுகாக்க இது தேவை. ஆனால் சுவர் ஓரத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் ஒரு அறை கூடுதலாகப் போட நினைத்தாலும் இந்த விதி குறுக்கே வரும். பாரம்பரியச் சின்னத்தின் சுமை உள்ளூருக்கு, வருமானம் வெளியூருக்கு என்று ஆகிவிடக் கூடாது.

அதற்கு என்ன செய்யலாம்?

• உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் உரிமமும். ஆனந்தக்கோனில் இருந்து தேசிங்கு வரை கதை சொல்ல இந்த ஊர்க்காரரைவிடப் பொருத்தமானவர் யார்?
• ஒரு இரவாவது தங்க வைக்கும் வசதி. மாலையில் தேசிங்கு ராஜா தெருக்கூத்து நடந்தால், தங்க ஒரு காரணம் கிடைக்கும்.
• கோட்டை, சிங்கவரம், திருநாதர்குன்று, மேல்சித்தாமூர் நான்கையும் இணைக்கும் சிறு பேருந்து.
• சுத்தமான கழிப்பறை, குடிநீர், நிழல். குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும் அதிக நேரம் இருக்க இதுதான் முதல் தேவை.

எப்படிப் போறது?

செஞ்சியில் ரயில் நிலையம் கிடையாது. திண்டிவனம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் சுமார் 28 கி.மீ. சென்னையில் இருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். தூரம் சுமார் 150 கி.மீ. புதுச்சேரியில் இருந்து சுமார் 70 கி.மீ.

இரண்டு நாள் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம். முதல் நாள் காலை ராஜகிரி, மாலை சிங்கவரம், இரவு செஞ்சியிலேயே தங்கல். மறுநாள் வீடூர், திருவக்கரை, வில்லியனூர், அரிக்கமேடு பார்த்துவிட்டு மாலையில் புதுச்சேரி. அணையிலும் ஆற்றிலும் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி சரியான நேரம். புயல் எச்சரிக்கை இருந்தால் ஆற்றங்கரைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்களையும் மறக்காமல் பாருங்கள். அவை செஞ்சியில் இருந்து பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் எடுத்து வரப்பட்டவை. முதல் நாள் பார்த்த வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் என்பார்கள். தினமும் ஆயிரக்கணக்கானோர் அதன் அடியில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அது எந்த ஊர்க் கல் என்று கேட்டால், இனி உங்களால் சொல்ல முடியும்.